மேய்ப்பனின் எல்லை

எட்டயபுரம் என்றால் பாரதி பிறந்த ஊர் என்பதற்கு அடுத்தபடியாகப் பலருக்கும் நினைவுக்கு வருவது எட்டப்பன் பெயர். அந்தப் பெயரின்மேல் ஏறிப்போன வசையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அதற்குள் ஓர் அரசியல் நிகழ்ச்சி தெளிவாகத் தெரியும். 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கும்பினியார், பாஞ்சாலங்குறிச்சிச் சீமையைப் பங்கு போட்டபோது ஒரு பகுதியை எட்டயபுரத்தாருக்குக் கொடுத்தார்கள். 1803-இல் பாளையங்கள் ஜமீன்களாயின. யார் ஆள்வது, யார் அழிவது என்பதைக் கடல் கடந்து வந்தவர்கள் தீர்மானித்தார்கள். ஆனால் அவர்கள் கேட்டவை இரண்டே கேள்விகள்: கிஸ்தி ஒழுங்காக வருமா, படை வைத்துக்கொள்ளாமல் அடங்கி இருப்பாரா. பாளையக்காரர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று கும்பினி கவலைப்படவில்லை. 1813-இல் சாசனம் மாற்றப்படும் வரை சமயப் போதகர்களைத் தன் எல்லைக்குள் விடுவதற்கே அது தயங்கியது. அதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்பு, எட்டயபுரத்துக்குக் கிழக்கே வேம்பாறு, வைப்பாறு தொடங்கித் தெற்கே மணப்பாடு வரை நீளும் முத்துக்குளித்துறையிலும் அதற்கு எதிர்க்கரையிலும் வேறொரு வெளியார் இதே வேலையைச் செய்தார்கள். அவர்கள் முதலில் கேட்ட கேள்வி, இவர் ஞானஸ்நானம் பெறுவாரா என்பது.

இந்த வேறுபாடு சிறியதன்று. ஒரு நாட்டின் தேர்தலில் இன்னொரு நாடு தலையிடலாமா என்ற இன்றைய விவாதத்தில் பணம், உளவு, பொய்ப் பிரசாரம் ஆகியவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். சமயத்தைத் தன் ஆட்சிக்கு ஆதாரமாகக் கொண்ட அரசு இந்தக் கேள்வியை எப்படிப் பார்க்கிறது என்பது தனியாக ஆராய வேண்டியது. என் கருத்து இது: அத்தகைய அரசு தன் செயலைத் தலையீடாகவே உணர்வதில்லை. தலையீடு என்ற குற்றம் இருக்க வேண்டுமானால் முதலில் எல்லை என்ற ஒன்று இருக்க வேண்டும். சமய அரசுக்கு எல்லை நிலத்தில் இல்லை, விசுவாசிகள்மேல் இருக்கிறது. தன் மந்தையில் ஓர் ஆடு எங்கே மேய்கிறதோ அதுவரை தன் பொறுப்பு என்று அது மனசாட்சியோடு நம்புகிறது. அந்த நம்பிக்கை போலி இல்லை என்பதே அதன் பலம். அதனாலேயே அது கூடுதல் ஆபத்தானதும்கூட. இதற்கான சான்றுகள் மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் நான்கு நூற்றாண்டு காலத்துக்குக் கிடக்கின்றன.

1532-இல் பரவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். முத்துக்குளிப்பில் தங்களோடு போட்டியிட்ட முஸ்லிம் கடலோடிகளாலும், அவர்களுக்கு ஆதரவாயிருந்த உள்நாட்டு ஆட்சியாளர்களாலும் நெருக்கப்பட்ட சமயம் அது. இடையில் நின்று வழிகாட்டியவர் ஜோவாவ் த குருஸ் என்ற பெயரில் கிறித்தவரான குதிரை வணிகர். அடுத்த ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றார்கள். 1538-இல் வேதாளையில் போர்ச்சுகீசியக் கப்பற்படை கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் சார்பில் வந்த மரக்காயர்களின் படையை முறியடித்தது. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து சேர்ந்தார். வெறும் வணிக ஒப்பந்தமாக இருந்திருந்தால் முத்தில் பங்கு, கப்பல் காவல் என்பதோடு முடிந்திருக்கும். ஆனால் போர்ச்சுகல் அரசர் வணிகர் மட்டுமல்லர். 1455 முதல் போப்பாண்டவர்கள் அடுத்தடுத்து வெளியிட்ட ஆணைகள் கீழ்த்திசைத் திருச்சபையின் புரவலர் என்ற பதவியை அவருக்கு அளித்திருந்தன. பத்ரவாதோ என்று பெயர் பெற்ற அந்த ஏற்பாட்டின்படி ஆலயம் கட்டுவதும் குருமாருக்குப் படியளப்பதும் அவர் கடமை, ஆயர்களை நியமனத்துக்கு முன்மொழிவது அவர் உரிமை. அரசும் திருச்சபையும் ஒரே கையில் இருந்தன. ஆகவே தூத்துக்குடியில் திருமுழுக்குப் பெற்ற ஒருவர், மதுரைக்கோ வேணாட்டுக்கோ வரி கட்டிக்கொண்டே லிஸ்பனின் பொறுப்பிலும் வந்துவிட்டார்.

எதிர்க்கரையில் யாழ்ப்பாண அரசர் முதலாம் சங்கிலி இதைச் சரியாகப் புரிந்துகொண்டார். 1544-இல் மன்னாரில் அவருடைய குடிகள் கிறித்தவர்களானபோது, ஏறத்தாழ 600 பேரை அவர் கொல்லச் செய்தார். கொடூரமான செயல், அதற்குச் சமாதானம் எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பின்னாலிருந்த கணக்கு அரசியல் கணக்கு. தன் குடிமகன் வேறொரு கடவுளை ஏற்பதோடு வேறோர் அரசரையும் ஏற்கிறான் என்று சங்கிலி கருதினார். அவருக்குக் கிடைத்த பதில் அந்த அச்சத்தைப் பொய்யாக்கவில்லை. சவேரியார் போர்ச்சுகீசிய ஆளுநரிடம் தண்டனைப் படையெடுப்பைக் கோரினார். அரியணைக்கு உரிமை கொண்டாடி நாட்டைவிட்டு வெளியேறியிருந்த சங்கிலியின் சகோதரர் தன்னை அரசனாக்கினால் கிறித்தவராவேன் என்று வாக்களித்திருந்தார். அவரை அமர்த்துவதே திட்டம். சவேரியாரின் கடிதங்களைப் படிப்பவர் அவரிடம் அதிகார ஆசையின் சுவட்டைக்கூடக் காண முடியாது. மீனவக் குடிசைகளில் படுத்து, அரைகுறைத் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்து, போர்ச்சுகீசிய அதிகாரிகளின் கொள்ளையைக் கண்டித்து எழுதிய மனிதர் அவர். அப்படிப்பட்டவரே ஒரு நாட்டின் அரசனை மாற்றுவதைக் கொல்லப்பட்டவர்களுக்குச் செய்யும் நீதியாகவும், எஞ்சியவர்களுக்குச் செய்யும் பாதுகாப்பாகவும் பார்த்தார். நல்ல மனிதர்களின் கையிலும் இந்த எண்ணம் இதே வடிவம் கொள்கிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

அந்தப் படையெடுப்பு நடக்கவில்லை. 1545-இல் பர்மாவின் பெகுவிலிருந்து வந்த போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டியது; சரக்குகள் சங்கிலியின் கைக்குப் போயின. அவற்றை மீட்பதற்காகப் போர்த் திட்டம் கைவிடப்பட்டது. இந்த இடத்தில் எழக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எல்லாம் வணிகம்தான், முத்தும் இலவங்கப்பட்டையும் யானையும்தான் நோக்கம், சமயம் வெறும் போர்வை என்பார்கள். கப்பல் கதை அவர்களுக்குச் சாதகமான சான்று என்பதை மறுக்க முடியாது. ஆனால் பதினாறு ஆண்டுகளுக்குப் பிந்தைய இன்னொரு சான்றையும் அதனோடு சேர்த்து நிறுத்த வேண்டும். 1560-இல் ராஜப்பிரதிநிதி கான்ஸ்தாந்தீனோ த பிரகான்சா யாழ்ப்பாணத்தின்மேல் படையெடுத்தார். நல்லூரைப் பிடித்தும் தக்கவைக்க முடியாமல், மன்னாரை மட்டும் கைப்பற்றிக்கொண்டு திரும்பினார். அந்தக் கொள்ளையில் புத்தரின் பல் என்று கருதப்பட்ட ஒரு திருச்சின்னம் கிடைத்தது. பெகு அரசர் அதற்குப் பெரும் பொருள் தர முன்வந்தார். கோவாவின் கருவூலம் வறண்டிருந்தது; விற்றுவிடலாம் என்றே அதிகாரிகள் பலரும் நினைத்தார்கள். பேராயர் காஸ்பார் அதற்கு உடன்படவில்லை. 1561-இல் பலர் முன்னிலையில் அது இடிக்கப்பட்டு, எரிக்கப்பட்டு, சாம்பல் ஆற்றில் கரைக்கப்பட்டது. லாபம் மட்டுமே குறியாக இருந்தவர்கள் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். வணிகமும் சமயமும் மோதியபோது ஒருமுறை இது வென்றது, இன்னொருமுறை அது வென்றது. போர்வை என்று ஒதுக்கித் தள்ளினால் இந்த இரண்டாம் வகை நிகழ்ச்சிகளுக்கு விளக்கமே கிடைக்காது.

தென்னிலங்கையின் கோட்டை அரசில் இது இன்னும் முழுமையாக நடந்தேறியது. ஏழாம் புவனேகபாகு தன் பேரன் தர்மபாலனுக்கு வாரிசுரிமையை உறுதிசெய்ய, பேரனின் பொன் உருவத்தைத் தூதரிடம் கொடுத்து லிஸ்பனுக்கு அனுப்பினார். 1543-இல் மூன்றாம் ஜோவாவ் அந்த உருவத்துக்கு முடிசூட்டினார். தாத்தா கடைசிவரை மதம் மாற மறுத்தார். 1551-இல் அவர் இறந்தபின் அரசரான பேரன் 1557-இல் திருமுழுக்குப் பெற்று தோம் ஜோவாவ் ஆனார். விகாரைகளுக்குரிய நிலங்கள் பிரான்சிஸ்கன் துறவிகளுக்குப் போயின. மக்கள் கொதித்தார்கள். சீதாவாக்கையின் மாயாதுன்னை, பௌத்தத்தின் காவலர் என்ற பெயரையும் நாட்டின் பெரும்பகுதியையும் கொண்டுபோனார். 1565-இல் தர்மபாலன் தலைநகரையே விட்டுக் கொழும்புக் கோட்டைக்குள் ஒண்ட வேண்டியதாயிற்று. 1580-இல் தன் அரசைப் போர்ச்சுகல் அரசருக்கு எழுதிவைத்தார், 1597-இல் இறந்தார். கண்டியிலும் இதே கதைதான். அரசர் கரலியத்த பண்டாரத்தின் மகள் குசுமாசன தேவியை மன்னாரில் தோனா கத்தரீனாவாக வளர்த்து, 1594-இல் பெரும் படையோடு கண்டிக்கு அழைத்துச்சென்று அரியணையில் அமர்த்தினார்கள். தந்துரைப் போரில் அந்தப் படை அழிந்தது. அழித்தவர் யார் என்பதுதான் முக்கியம்: போர்ச்சுகீசியரே திருமுழுக்குக் கொடுத்து, ஆஸ்திரியாவின் தோன் ஜோவாவ் என்று பெயரிட்டிருந்த கோணப்பு பண்டாரம். அவர் பௌத்தத்துக்குத் திரும்பி, கத்தரீனாவை மணந்து, முதலாம் விமலதர்மசூரியனாக ஆண்டார்.

யாழ்ப்பாணத்தில் 1591-இல் அந்திரே புர்த்தாடோ அமர்த்திய எதிர்மன்னசிங்கத்தை இவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. போதகர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும், திறை கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை அவர் ஏற்றார். ஆனால் மதம் மாறவில்லை. கண்டிக்கு மறைமுகமாக உதவிகூடச் செய்தார். 1617-இல் இறக்கும்வரை சுமார் 26 ஆண்டு அரசராக இருந்தார். இரண்டாம் சங்கிலியிடமிருந்து நாடு பறிக்கப்பட்டதெல்லாம் 1619-இல்தான். சமய அரசு தான் விரும்பும் வேட்பாளரை மக்கள் ஏற்பார்களா என்பதைக்கொண்டு அளப்பதில்லை. அவருடைய விசுவாசத்தைக்கொண்டு அளக்கிறது. திருமுழுக்கே அவருடைய தகுதியாகிவிடுகிறது. அதே திருமுழுக்கு அவரைத் தன் மக்களிடமிருந்து வெட்டிவிடுகிறது. அதன்பின் அவரைத் தாங்கப் படை வேண்டும், படைக்குப் பணம் வேண்டும், கடைசியில் நாட்டையே எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகிறது. கோட்டையில் நடந்தது இதுதான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் நியாயமானது. யாரும் வலிய வரவில்லை, நம்மவர்களே அழைத்தார்கள்: பரவர் கொச்சிக்குப் போனார்கள், புவனேகபாகு தூது அனுப்பினார், சங்கிலியின் சகோதரர் வாக்களித்தார். உண்மை. பரவர்களை ஏமாற்றி மதம் மாற்றினார்கள் என்று எழுதுபவர்கள் அந்த மக்களின் அறிவை இழிவுபடுத்துகிறார்கள். தங்கள் தொழிலையும் கடலையும் காத்துக்கொள்ள அவர்கள் எடுத்த முடிவு அது. நானூற்று எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த விசுவாசத்தைத் தங்களுடையதாகவே வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் அழைத்தவர் கேட்டதும் வந்தவர் கொடுத்ததும் ஒன்றாக இல்லை. அழைத்தவருக்கு அது ஒரு காலத்துக்கான கூட்டணி, வந்தவருக்கோ முடிவில்லாத ஞான உறவு. கூட்டணியை முறிக்கலாம், ஞான உறவை முறிப்பது துரோகமாகிவிடும். இந்த முரணைப் பரவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பது இந்த வரலாற்றின் மிகச் சிறந்த பகுதி. ஏழு கடல்துறைகளுக்கும் பொதுவான சாதித்தலைவர், ஊர்தோறும் பட்டங்கட்டிகள் என்ற தங்கள் ஆட்சிமுறையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கோயிலையே அதற்கு ஆதாரமாக்கிக்கொண்டார்கள். பனிமய மாதா கோயிலுக்கு 1806-இல் தங்கத்தேர் செய்து கொடுத்தவர் சாதித்தலைவர். தேர் ஓடியபோது அந்தச் சமூகத்தின் தலைமை யாரிடம் இருக்கிறது என்பதும் ஊரறிய வீதியில் வந்தது.

1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள் இதை மாற்றப் பார்த்தார்கள். அவர்களும் சமய அரசுதான், ஆனால் சீர்திருத்தச் சபை. கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினார்கள். பல்தேயுஸ் போன்ற போதகர்களைக் கொண்டு பரவர்களைத் தங்கள் பக்கம் திருப்ப முயன்றார்கள். பரவர்கள் அசையவில்லை. டச்சுக் கோட்டையின் கை எட்டாத உள்நாட்டுப் பகுதிகளுக்குப் போய்ப் பூசை கண்டார்கள். முத்துக்குளிப்புக்கு ஆட்களைத் திரட்டச் சாதித்தலைவர் இல்லாமல் முடியாது என்று தெரிந்ததும் டச்சுக்காரர்கள் மதத்தை விட்டு முத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சாதித்தலைவரை அங்கீகரித்து மரியாதை செய்தார்கள். உள்நாட்டுப் பாளையங்களின் போக்கு இதற்கு நேர்மாறாக இருந்தது. வீரமாமுனிவர் தமிழகம் வந்த தொடக்கத்தில் பணியாற்றிய காமநாயக்கன்பட்டி எட்டயபுரத்தார் நிலம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலம் எட்டயபுரத்திலேயே இருக்கிறது. பாளையக்காரர்களை மகான்களாக்க நான் விரும்பவில்லை. ஒருவர் எல்லைக் கிராமத்தை ஒருவர் கொளுத்தியவர்கள்தான். ஆனால் குடியின் விசுவாசத்தைக்கொண்டு தங்கள் ஆட்சியின் எல்லையை வரைய அவர்கள் முயலவில்லை. ஆகவே பக்கத்துப் பாளையத்தில் யார் பட்டத்துக்கு வர வேண்டும் என்று சாமியின் பெயரால் உரிமை பேசவும் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை.

இதை ஒரு சமயத்தின் குறையாக மட்டும் எழுதினால் நேர்மையாகாது. 1760-இல் கண்டியில், மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனைக் கொன்றுவிட்டுச் சயாமிலிருந்து வந்திருந்த இளவரசர் ஒருவரை அரசராக்கச் சதி நடந்தது. பிரதானிகளோடு பிக்குகளும் அதில் இருந்தார்கள். கீர்த்தி ஸ்ரீ பௌத்தத்துக்குச் செய்த தொண்டு கொஞ்சமல்ல; 1753-இல் சயாமியப் பிக்குகளை வரவழைத்து, பிக்குகளின் முழுத் துறவேற்புச் சடங்கான உபசம்பதையை மீட்டவரே அவர். இருந்தும் நெற்றியில் திருநீறு இட்டவர் என்ற குறை போகவில்லை. தன் ஊரில் பிறந்தவனைக் காட்டிலும் தன் விசுவாசத்தில் பிறந்த அந்நியன் மேல் என்ற எண்ணம் எந்தச் சமயத்திலும் முளைக்கக்கூடியது. இன்றைய ஈரான் அரசியல் சாசனத்தின் 154-ஆம் பிரிவு பிற நாடுகளின் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை என்று உறுதி கூறுகிறது. அதே பிரிவு உலகின் எந்த மூலையிலும் ஒடுக்கப்பட்டோரின் நியாயமான போராட்டத்தை ஆதரிப்பதாகவும் சொல்கிறது. இதைக் கபடம் என்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. எழுதியவர்கள் இரண்டையும் நம்பியே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பார்வையில் இரண்டாவது தலையீடே ஆகாது. 1948 இத்தாலியத் தேர்தலில் கத்தோலிக்க அமைப்புகள் பங்குக்குப் பங்கு குழுக்கள் அமைத்துக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வாக்குத் திரட்டியபோது, வத்திக்கான் என்ற தனி நாடு இத்தாலி என்ற வேறொரு நாட்டின் தேர்தலில் புகுந்ததாக ரோமையில் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். மேய்ப்பன் தன் ஆடுகளோடு பேசினான், அவ்வளவுதான்.

வல்லரசுகள் எல்லாமே இதைச் செய்கின்றன, சமய அரசை மட்டும் ஏன் தனியே நிறுத்த வேண்டும் என்று கேட்கலாம். கும்பினி கட்டபொம்மனுக்குச் செய்ததைவிட இது கொடுமையானது என்று நான் வாதிடவில்லை. லாபத்துக்காகத் தலையிடுபவன் லாபம் தீர்ந்ததும் போகலாம், பேரத்துக்கும் வருவான். கடமையாகத் தலையிடுபவனிடம் பேரம் பேச முடியாது. டச்சுக்காரர்கள் விட்டுக்கொடுத்தது முத்துக்கணக்கு அவர்களுக்கு மேலாகப் பட்டதனால்தான். இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது: தனக்குள் நடக்கும் தேர்தலில் வெளியார் தலையிட்டால் சமய அரசு என்ன சொல்கிறது? 1903-இல் போப்பாண்டவர் தேர்தலின்போது ஆஸ்திரியப் பேரரசர் தம் பழைய உரிமையைப் பயன்படுத்திக் கர்தினால் ரம்பொல்லாவைத் தடுத்தார். தேர்வு பெற்ற பத்தாம் பத்திநாதர் 1904-இல் அந்த உரிமையையே ஒழித்தார். இனி எந்த அரசின் தடையையேனும் தேர்தல் அவைக்குள் கொண்டுவருபவர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார் என்று விதித்தார். மிகச் சரியான முடிவு. அதே ஆண்டில் திருச்சி ஆயர் பதவி காலியாகியிருந்தால், 1886 உடன்படிக்கையின்படி மூன்று பெயர்கள் லிஸ்பனுக்குப் போயிருக்கும். அவர்களில் ஒருவரைப் போர்ச்சுகல் அரசர் தேர்ந்திருப்பார். தூத்துக்குடி அப்போது திருச்சி மறைமாவட்டத்தில் இருந்தது. ஆண்டதோ ஆங்கிலேயர். முத்துக்குளித்துறையை விட்டுப் போர்ச்சுகீசியர் போய் ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆயர்களைத் தேர்வதில் போர்ச்சுகலுக்கு இருந்த அந்த உரிமை எளிதில் சாகவில்லை. பத்ரவாதோவுக்கும் ரோமைக்கும் இடையிலான சண்டை 1838-க்குப் பிறகு தூத்துக்குடியை இரண்டாகப் பிரித்தது. பனிமய மாதா கோயில் பத்ரவாதோ குருமாரிடம் நின்றது. 1849-இல் எழுந்த திரு இருதய ஆலயம் ரோமையின் வழிவந்த இயேசு சபையாரிடம். சாதித்தலைவர் பத்ரவாதோ பக்கம் சாய்ந்தார். தூரத்து அரசரின் ஆயர், பக்கத்து இயேசு சபையாரைப்போலத் தன் அதிகாரத்தில் கைவைக்க மாட்டார் என்பது அவர் கணக்காயிருக்க வேண்டும். 1910-இல் போர்ச்சுகலில் முடியாட்சி விழுந்தது. குருமாரை வெறுத்த குடியரசு வந்து, மறு ஆண்டே அரசையும் திருச்சபையையும் பிரித்துச் சட்டம் இயற்றியது. ஆனால் இந்திய ஆயர்களை நியமிப்பதில் தனக்கிருந்த பங்கை அந்தக் குடியரசும் விடவில்லை. 1923-இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமானது. இந்தியாவின் இலத்தீன் வழிபாட்டு மறைமாவட்டங்களில் முதன்முதலாக ஓர் இந்தியர் ஆயரானார்: இயேசு சபையைச் சேர்ந்த திபூர்சியுஸ் ரோச், பரவர் குலத்தவர். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளாக வெளிநாட்டு ஆயர்களைப் பெற்றுக்கொண்டிருந்த கடற்கரைக்குத் தன் மகனே மேய்ப்பனாக வந்தார். அதன் பிறகும் 1928 உடன்படிக்கை மங்களூர், கொல்லம், திருச்சி, கொச்சி, மயிலாப்பூர், பம்பாய் ஆயர்களின் பெயர்களைப் போர்ச்சுகல் குடியரசுத் தலைவர் வழியாகவே அறிவிக்கச் செய்தது. 1950 ஜூலை 18-ஆம் நாள் போர்ச்சுகல் இந்த உரிமையைத் துறந்து ரோமையோடு ஒப்பந்தம் செய்துகொண்டபோது, இந்தியா தன் சொந்த அரசியல் சாசனத்தின்கீழ் வந்து ஏறக்குறைய ஆறு மாதங்கள் ஆகியிருந்தன.